அயான் கேஜை ஆன் பண்ணா பிரஷர் ஏறுது: சூடான ஃபிலமென்ட்டோட ஒரு மல்லுக்கட்டு

டர்போ பம்ப் போட்டு காத்தை உறிஞ்சி எடுக்குற சின்ன ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேக்யூம் சேம்பர். அதுல மிச்ச வாயுவோட பிரஷரை அளக்க ரெண்டு கேஜ், ஒண்ணு சூடான கம்பி இல்லாத கோல்டு கேத்தோடு, இன்னொண்ணு டங்ஸ்டன் ஃபிலமென்ட் வச்ச பழைய பேயார்ட்-ஆல்பர்ட் அயான் கேஜ், அதாவது சூடான கம்பி விடுற எலக்ட்ரானால வாயுவை அயனியாக்கி அளக்குறது. கோல்டு கேத்தோடு மட்டும் ஓடும்போது 10⁻⁸ டார் (டார்ங்கிறது பிரஷர் அளவு) பக்கம் அமைதியா நிக்கும், அயான் கேஜை ஆன் பண்ணா போதும், ரெண்டு கேஜும் சேந்து ஏறும், ஆஃப் பண்ணா கொஞ்ச நேரத்துல கோல்டு கேத்தோடு பழைய இடத்துக்கே இறங்கிடும். ஹீலியம் அடிச்சு எல்லா ஜாயின்ட்டும் பாத்தாச்சு, லீக் கிடையாது. ஆர்ஜிஏவுல, அதாவது மிச்ச வாயுவை அயனியாக்கி எடை வாரியா பிரிச்சுக் காட்டுற கருவில, பாத்தா மாஸ் 28 மட்டும் நல்லா தூக்குது, 2 (ஹைட்ரஜன்), 18 (தண்ணி), 44 (கார்பன் டை ஆக்சைடு) எல்லாம் கொஞ்சம் கொஞ்சம். அப்போ கேஜ் பொய் சொல்லல, நிஜமாவே வாயு கூடுது, அந்த வாயு ஃபிலமென்ட் பக்கத்துல இருந்து வருது. கேஜை மாத்திட்டு வேலையைப் பாக்கலாம்னு இருந்தேன், ஆனா மாத்துறதுக்கு முன்னாடி இந்த சூடான கம்பி அப்படி என்னதான் பண்ணுதுன்னு பாக்க தனியா ஒரு ஃபிலமென்ட் போட்டு ஓட்டினேன். அந்தக் கதைதான் இது.

முதல்ல 28 யாருன்னு முடிவு பண்ணணும். நைட்ரஜனும் 28, கார்பன் மோனாக்சைடும் 28. பிரிச்சுப் பாக்க ஒரே வழி உடைஞ்ச துண்டுகளைப் பாக்குறதுதான், நைட்ரஜன்னா மாஸ் 14ல துண்டு வரும், கார்பன் மோனாக்சைடுன்னா 12ல வரும், ரெண்டுமே மெயின் பீக்ல சில சதவீதம்தான் இருக்கும், அதனால சின்ன சிக்னலைப் பெருக்குற ஆர்ஜிஏ மல்டிப்ளையரை ஆன் பண்ணி நிதானமா ஸ்கேன் பண்ணணும். எனக்கு 28 ஏறும்போது 12ம் கூடவே ஏறுச்சு, 14 அசையவே இல்ல. காத்து லீக்கா இருந்தா 14, 32 (ஆக்ஸிஜன்), 40 (ஆர்கான்) மூணும் கூட வந்திருக்கணும். அதோட அந்த சந்தேகம் முடிஞ்சுது.

டெஸ்ட் ஃபிலமென்ட்டுக்கு 0.2 மில்லிமீட்டர் டங்ஸ்டன் கம்பி, 10 சென்டிமீட்டர் நீளம், சேம்பர் சுவர் வழியா கரன்ட்டை உள்ள கொண்டுபோற எலக்ட்ரிக்கல் ஃபீட்த்ரூவுல ஸ்டெயின்லெஸ் கிளாம்ப் போட்டு இறுக்கினது. பித்தளை ஸ்க்ரூ கிட்டயே வரக்கூடாது, பித்தளைல இருக்கிற துத்தநாகம் 250 டிகிரி செல்சியஸ்லயே 10⁻⁴ டார் ஆவி விடும், கேட்மியம் பிளேட்டிங் போட்ட நட்டு இன்னும் மோசம், 180லயே ஆரம்பிச்சுடும். சால்டரும் வேண்டாம். ஸ்க்ரூ மரையோட அடியில காத்து மாட்டிக்கிட்டா அது பல நாள் மெதுவா கசிஞ்சு லீக் மாதிரியே ஏமாத்தும், அதனால ஸ்க்ரூவோட ஒரு பக்கத்துல நீளவாக்குல அரத்தால ஒரு கோடு போட்டு விட்டேன்.

கம்பியை அப்படியே மாட்டக்கூடாது, இது முக்கியம். டங்ஸ்டனை கம்பியா இழுக்கும்போது டை தேயாம இருக்க கிராஃபைட் பூசித்தான் இழுப்பாங்க, கறுப்பா வர்ற கம்பி எல்லாம் மேல கிராஃபைட்டும் ஆக்சைடும் போர்த்திக்கிட்டுத்தான் வருது. அதை நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடுல முக்கி சின்ன கரன்ட் விட்டா கறுப்பு உரிஞ்சு வெள்ளி மாதிரி பளிச்சுனு வரும், கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கிட்டுப் பண்ணணும், அப்புறம் டிஸ்டில்ட் வாட்டர்ல நல்லா அலசணும், கையால தொடக்கூடாது. மேல இருக்கிற கார்பன் இதுல போயிடும், ஆனா உலோகத்துக்குள்ள ஊறி இருக்கிற கார்பன் போகாது, அந்த ஆள்தான் பின்னாடி பெரிய வேலை காட்டப்போறான்.

சூட்டை அளக்க பைரோமீட்டர் தேவைப்படல, டங்ஸ்டனோட ரெசிஸ்டன்ஸே நல்ல தெர்மாமீட்டர். அறை சூட்டுல, அதாவது 300 கெல்வின்ல, இருக்கிற ரெசிஸ்டன்ஸை 1னு வச்சுக்கிட்டா 1000 கெல்வின்ல சுமார் 4.4, 1500ல 7.1, 2000ல 10, 2500ல 13. நம்ம கம்பிக்கு குளிர்ந்த நிலைல கணக்குப்படி 0.18 ஓம், இவ்வளவு சின்ன ரெசிஸ்டன்ஸை சாதா மல்டிமீட்டர்ல ரெண்டு வயர் வச்சு அளந்தா வயர் ரெசிஸ்டன்ஸைத்தான் அளப்போம், அதனால கரன்ட்டுக்கு ஒரு ஜோடி, வோல்டேஜுக்கு ஒரு ஜோடின்னு நாலு வயர் இழுத்தேன். 2000 கெல்வினுக்கு 3 ஆம்பியர் கிட்ட, 5 வோல்ட் சொச்சம், 15 வாட். கம்பியோட ரெண்டு முனையும் கிளாம்ப் பக்கத்துல குளிர்ந்தே இருக்கும், அதனால நடுப்பகுதி நாம கணக்குல பாக்குறதை விட கொஞ்சம் கூடத்தான் சூடா இருக்கும், இந்த வேலைக்கு அது பரவால்ல.

சேம்பரை 150 டிகிரில ஹீட்டிங் டேப் சுத்தி அலுமினியம் ஃபாயில் போர்த்தி பேக் (bake) பண்ணேன், அதாவது ஒட்டியிருக்கிற வாயு போக சூடாக்கி வச்சேன். பேக் பண்ணாத ஸ்டீல் சேம்பர்ல மிச்சம் இருக்கிறது பெரும்பாலும் தண்ணி, ஈரத்துணி காயுற மாதிரி அது பாட்டுக்கு விட்டுக்கிட்டே இருக்கும், நேரம் ரெண்டு மடங்கு ஆனா அவுட்கேஸிங், அதாவது சுவர் விடுற வாயு, பாதி ஆகும், அவ்வளவு மெதுவு. பேக் பண்ணிக் குளிர்ந்ததுக்கு அப்புறம் 18 அடங்கிடும், 2 முன்னாடி வந்து நிக்கும், அது ஸ்டீலுக்குள்ள கரைஞ்சிருக்கிற ஹைட்ரஜன், போதாக்குறைக்கு டர்போவுக்கு லேசான வாயுவைத் தள்ளுறதுலயும் திறமை கம்மி.

இப்ப ஃபிலமென்ட்டை மெதுவா ஏத்துனேன். இங்க ஒரு விஷயம் கவனிச்சா ரொம்ப உபயோகம். கரன்ட்டை ஒரு படி ஏத்துன உடனே சில நொடிக்குள்ள ஒரு பீக் துள்ளுச்சுன்னா அது கம்பில இருந்தே வந்தது. ஏத்துனதுக்கு அப்புறம் பல நிமிஷம் எடுத்து மெதுவா ஊறி ஊறி ஏறுச்சுன்னா அது கம்பியோட வெளிச்சத்துல சுத்தி இருக்கிற சுவர் சூடாகி விடுற வாயு. மெல்லிய கம்பிக்கு வெப்பக் கொள்ளளவு ஒண்ணுமே இல்ல, ஒரு ஃபிளாஞ்ச் (கனமான இணைப்பு வளையம்) சூடாக நேரம் ஆகும், இந்த நேர வித்தியாசத்தை வச்சே யார் குற்றவாளின்னு பிரிச்சுடலாம். எனக்கு 2, 18 ரெண்டுலயும் பெரும்பகுதி மெதுவா ஏறுற ரகம், சுவர். 28 அப்படி இல்ல, கரன்ட் ஏத்துன உடனே துள்ளும், அப்புறம் கொஞ்சம் இறங்கி ஒரு மட்டத்துல நின்னுடும், அந்த மட்டம் பூஜ்யத்துக்கு வரவே வராது. துள்ளுறது கம்பி மேல ஒட்டியிருந்தது கழண்டு வர்றது. நிக்கிறது? அது தீராம வந்துக்கிட்டே இருக்குன்னா எங்கயோ தயாராகுதுன்னு அர்த்தம்.

கணக்கு போட்டுப் பாத்தா புரியும். 10⁻⁶ டார்ல ஒரு சதுர சென்டிமீட்டர் மேல ஒரு நொடிக்கு கிட்டத்தட்ட 4 × 10¹⁴ நைட்ரஜன் மூலக்கூறு மோதும், மோதுறது எல்லாம் ஒட்டுச்சுன்னா சுத்தமான உலோகப் பரப்பு ஒண்ணு ரெண்டு நொடில முழுசா மூடிடும். 10⁻⁸ டார்ல அதுவே சில நிமிஷம். அதனாலதான் 10⁻⁶ டார் ஒரு நொடிங்கிறதை ஒரு லாங்மியூர்னு தனி அளவாவே வச்சிருக்காங்க. சூடான டங்ஸ்டன் மேல வந்து விழுற ஆக்ஸிஜனோ தண்ணியோ அங்க சும்மா பட்டுத் திரும்பிப் போறதில்ல, உடையுது, ஆக்ஸிஜன் அணு பரப்புல ஒட்டுது, அந்த நேரம் பாத்து உள்ள இருக்கிற கார்பன் சூட்டுல நகர்ந்து நகர்ந்து மேல வந்து நிக்குது, ரெண்டும் சேந்து கார்பன் மோனாக்சைடா பறந்துடுது. ஆக்ஸிஜன் பக்கம் சப்ளை சேம்பர்ல இருந்து, கார்பன் பக்கம் சப்ளை கம்பிக்குள்ள இருந்து. ரெண்டுல ஒண்ணு நிக்கிற வரைக்கும் 28 நிக்காது.

இதை நேரா சோதிக்க லீக் வால்வு வழியா ஆக்ஸிஜன் விட்டேன், 10⁻⁶ டார் வரைக்கும் மட்டும். கம்பி குளிர்ந்து இருக்கும்போது 32 நேர்கோடா நிக்குது. 2200 கெல்வினுக்கு ஏத்துனா 32 சர்ருனு இறங்குது, 28 அதே வேகத்துல ஏறுது, 44ம் கொஞ்சம் எழும்புது. ஆஃப் பண்ணா 32 திரும்ப மேல வருது. லீக் வால்வை யாரும் தொடல, பம்ப் அதே வேகம், ஆனா கேஜ்ல மொத்த பிரஷர் பெருசா மாறல, ஏன்னா ஒண்ணு குறைய இன்னொண்ணு கூடுது! வெறும் கேஜை மட்டும் நம்பி உக்காந்திருந்தா ஒண்ணுமே நடக்கலன்னு நினைச்சிருப்போம். குறைஞ்ச ஆக்ஸிஜன் முழுக்க 28ஆ திரும்பி வர்றதும் இல்ல, ஒரு பங்கு டங்ஸ்டன் ஆக்சைடா ஆவியாகி சுவர்ல போய் படியுது. வியூபோர்ட் கண்ணாடிக்கு முன்னாடி ஒரு ஷட்டர் வச்சிருந்தேன், இல்லன்னா இந்நேரம் கண்ணாடி மங்கியிருக்கும்.

அப்படியே ஆக்ஸிஜன்லயே ரொம்ப நேரம் ஓட விட்டா 28 கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சுக்கிட்டே வருது, உள்ள இருக்கிற கார்பன் தீருது. சர்ஃபேஸ் சயின்ஸ் லேப்ல டங்ஸ்டன் கிறிஸ்டலை சுத்தம் பண்ண இதே வேலையைத்தான் பண்ணுவாங்க, முதல்ல ஆக்ஸிஜன்ல சூடு, அப்புறம் ஆக்ஸிஜனை நிறுத்திட்டு 2500 கெல்வின் பக்கம் சட்டுனு ஒரு ஃபிளாஷ், அதுல மேல இருக்கிற ஆக்சைடு கழண்டு போயிடும். நானும் அதையே பண்ணேன். அதுக்கப்புறம் அதே கம்பி, அதே சூடு, அதே சேம்பர், 28 முன்ன இருந்ததுல சின்னப் பங்குதான். பழைய கேஜ்ல ஏறுனது எதுனாலன்னு இதுக்கு மேல விளக்கம் தேவையில்ல.

தண்ணியோட விவகாரம் இதை விட சுவாரஸ்யம். இர்விங் லாங்மியூர் 1909ல ஜெனரல் எலக்ட்ரிக்ல சேந்தப்போ பாக்க ஆரம்பிச்சது டங்ஸ்டன் பல்புல நடக்குறதைத்தான், பல்பு உள்பக்கம் ஏன் கறுக்குதுன்னு. வேக்யூம் இன்னும் நல்லா இருந்தா கறுக்காதுன்னு எல்லாரும் நினைச்ச காலம், இவர் ஒவ்வொரு வாயுவா வேணும்னே உள்ள விட்டுப் பாத்தார், ரொம்ப கெடுதல் பண்ணது தண்ணி ஆவி. சூடான டங்ஸ்டன் மேல தண்ணி உடையும், ஆக்ஸிஜன் டங்ஸ்டனைத் தூக்கிக்கிட்டு ஆக்சைடா கண்ணாடில போய் உக்காரும், மிஞ்சின ஹைட்ரஜன் அணுவா பறந்து போய் அந்த ஆக்சைடுகிட்ட இருந்து ஆக்ஸிஜனைப் பிடுங்கி மறுபடி தண்ணியாயிடும், கறுப்பா டங்ஸ்டன் மட்டும் கண்ணாடில மிச்சம். தண்ணி தீரவே இல்ல பாருங்க, திரும்ப கம்பிக்கு வந்து அடுத்த லோடு ஏத்திக்கிட்டுப் போகும். துளி தண்ணி இருந்தாப் போதும், கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமா சுவருக்குக் கடத்திடும். இதே மாதிரி பரப்பு வேலைகளுக்காகத்தான் 1932ல அவருக்கு வேதியியல் நோபல். என் சேம்பர்ல பேக் பண்றதுக்கு முன்னாடியே ஒரு தடவை ஓட்டிப் பாத்தப்போ கம்பியை ஏத்துனா 18 கொஞ்சம் குழி விழும், 2 உடனே எழும்பும், அந்த சுழற்சியோட முதல் பாதி அது.

அடுத்து ஹைட்ரஜன். அளவு ரொம்பக் கம்மின்னாலும் சிலிண்டர் பக்கமும் எக்ஸாஸ்ட் பக்கமும் ஹைட்ரஜனுக்கு உண்டான ஜாக்கிரதை வேணும். ஹைட்ரஜன் மூலக்கூறைப் பிரிக்க 4.5 எலக்ட்ரான் வோல்ட் தேவை, வெறும் சூட்டுல வாயுவுக்குள்ளயே பிரியணும்னா கஷ்டம், ஆனா டங்ஸ்டன் பரப்பு உதவி பண்ணுறதால 1500 கெல்வினுக்கு மேல போகப் போக அணு ஹைட்ரஜன் வர ஆரம்பிச்சுடுது. ஆர்ஜிஏவுல அணு ஹைட்ரஜன் நேரா தெரியாது, சுவர்ல பட்டு சேந்துடும், போற வழில சுவர் மேல இருக்கிற அழுக்கையும் சொறிஞ்சுட்டுப் போகும். அதான் தெரியுது: சுத்தமான ஹைட்ரஜன் விட்டு கம்பியை ஏத்துனா 15, 16ல மீத்தேன் எழும்புது, 18 எழும்புது, 28ம் எழும்புது. மீத்தேனை யாரும் உள்ள விடல, சுவர்ல இருந்த கார்பனும் இந்த அணு ஹைட்ரஜனும் சேந்து செஞ்சது. ரொம்ப சுத்தமான சேம்பர்ல கூட ஆர்ஜிஏவுல எப்பவும் கொஞ்சம் மீத்தேன் நிக்கும், அதுல ஒரு பங்கு ஆர்ஜிஏவோட சொந்த ஃபிலமென்ட் சமைச்சதாத்தான் இருக்கும்.

ஆர்கானையும் விட்டுப் பாத்தேன், ஒப்பிட ஒண்ணு வேணுமேன்னு. கம்பி குளிர்ந்தாலும் சூடானாலும் 40 அப்படியே நிக்குது, அதுதான் எதிர்பாத்தது. நைட்ரஜனும் இந்த சூட்டுல கிட்டத்தட்ட அப்படியேதான்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது ஒரு பக்க சோதனை. ஆர்ஜிஏவோட சொந்த ஃபிலமென்ட்டை அணைச்சுட்டு, டெஸ்ட் ஃபிலமென்ட்டுக்கு மட்டும் கொஞ்சம் பாசிட்டிவ் வோல்டேஜ் குடுத்து சூடாக்கி ஸ்கேன் பண்ணா, ஒண்ணுமே வரக்கூடாதுல்ல, அயனி ஆக்க எலக்ட்ரானே இல்லையே. ஆனா 39ல ஜம்முனு ஒரு பீக், பக்கத்துல 41ல குட்டியா ஒண்ணு, 23ல இன்னொண்ணு. 39, 41னு பாத்த உடனே ஆயில்னு பயந்துடாதீங்க, ஆயில்னா 43, 55, 57 எல்லாம் கூட்டமா வரும், இங்க அது எதுவும் இல்ல. 39க்கும் 41க்கும் உயரத்தை அளந்தா சுமார் 14க்கு 1, இயற்கைல பொட்டாசியம் ஐசோடோப்பு இருக்கிற விகிதம் அப்படியே. பல்புக்குன்னு செய்யுற டங்ஸ்டன்ல கம்பி தொய்யாம இருக்க பொட்டாசியம் வேணும்னே சேப்பாங்க, அது சூட்டுல மேல வந்து கிளம்பும்போது ஒரு எலக்ட்ரானை உலோகத்துக்கிட்டயே விட்டுட்டு அயனியா போகுது. பொட்டாசியத்துல இருந்து எலக்ட்ரானைப் பிடுங்க 4.34 எலக்ட்ரான் வோல்ட் போதும், டங்ஸ்டன் எலக்ட்ரானை 4.5 வரைக்கும் பிடிச்சு வச்சுக்கும், அதனால இந்தப் பேரம் படியுது. சீசியத்துக்கு 3.89தான், கிட்டத்தட்ட வந்தது எல்லாமே அயனியாப் போயிடும். சோடியத்துக்கு 5.14, கணக்குப்படி கட்டுப்படியாகாது, ஆனா சூடு அதிகம்ங்கிறதால ஒரு சின்னப் பங்கு தப்பிச்சு வருது, 23ல பாத்தது அதுதான்.

இதே கம்பியை சூடு கம்மியா வச்சா அது பிரானி கேஜ், 1906ல இருந்து இருக்கிற ஐடியா. மோதுற மூலக்கூறு எவ்வளவு சூட்டை எடுத்துட்டுப் போகுதுங்கிறதுதான் அங்க அளவு, அதுவும் பரப்பு எவ்வளவு அழுக்குங்கிறதைப் பொறுத்தது. சுத்தமான டங்ஸ்டன் மேல ஹீலியம் மோதுனா எடுத்துட்டுப் போக வேண்டிய சூட்டுல சில சதவீதம்தான் எடுக்கும், மேல ஒரு படலம் வாயு ஒட்டிட்டா அது பல மடங்கு ஏறிடும். என் சேம்பர்ல இதைப் பாக்க முடியாது, ஃபிளாஷ் பண்ணி சில நிமிஷத்துல பரப்பு மூடிடுது, பத்தாததுக்கு சாதா ஹீலியத்துல இருக்கிற அழுக்கே மூடிடும். ஆனா எண்ணெய் படிஞ்ச பிரானி கேஜ் ஏன் நகர்ந்துக்கிட்டே இருக்குன்னு கேக்குறவங்களுக்கு காரணத்துல ஒரு பாதி இங்க இருக்கு.

சரி, கேஜுக்கு வருவோம். டங்ஸ்டனைத் தூக்கிட்டு தோரியா (தோரியம் ஆக்சைடு) பூசின இரிடியம் ஃபிலமென்ட் போட்டேன். தோரியா எலக்ட்ரானை சுலபமா விடும், அதனால அதே எமிஷனுக்கு, அதாவது கம்பி விடுற அதே எலக்ட்ரான் கரன்ட்டுக்கு, பல நூறு டிகிரி கம்மி சூடு போதும், சூடு கம்மின்னா மேல சொன்ன எல்லா வேலையும் கம்மி. இன்னொரு லாபம், தெரியாம காத்து உள்ள வந்தாலும் இரிடியம் எரிஞ்சு போகாது, டங்ஸ்டன்னா மஞ்சப் புகையோட ஒரே நொடில கதை முடிஞ்சுடும். தோரியம் லேசா கதிரியக்கம் உள்ளது, வேணாம்னா இட்ரியா (இட்ரியம் ஆக்சைடு) பூசினது கிடைக்குது. எமிஷனையும் 10 மில்லிஆம்பியர்ல இருந்து 1க்கு இறக்கினேன், இந்த பிரஷருக்கு சிக்னல் அதுவே தாராளம்.

அடுத்து கேஜ் உக்காந்திருந்த இடம். பழையது ஒரு குழாய் முனைல, 1.6 சென்டிமீட்டர் விட்டம், 5 சென்டிமீட்டர் நீளம். குழாயோட கண்டக்டன்ஸ், அதாவது அது வழியா வாயு எவ்வளவு வேகமா போகும்ங்கிறது, தோராயமா 12 பெருக்கல் விட்டத்தோட கனம் (விட்டத்தை மூணு தடவை பெருக்கினது), வகுத்தல் நீளம், எல்லாம் சென்டிமீட்டர்ல, அதாவது நொடிக்கு 10 லிட்டர் வருது, குட்டைக் குழாய்க்கு நிஜத்துல இன்னும் கம்மி. கேஜ் 10⁻⁷ டார் லிட்டர் அளவுக்கு நொடிக்கு வாயு விட்டுச்சுன்னா சேம்பர் எவ்வளவு சுத்தமா இருந்தாலும் கேஜுக்குள்ள மட்டும் 10⁻⁸ டார் கூடுதலா நிக்கும், டர்போ எவ்வளவு பெருசா போட்டாலும் அந்தக் குழாயைத் தாண்டி அதால ஒண்ணும் பண்ண முடியாது. அதனால ஓடு இல்லாத நியூட் கேஜா மாத்தி நேரா சேம்பருக்குள்ளயே நீட்டி வச்சாச்சு.

இப்ப ஆன் பண்ணா கோல்டு கேத்தோடு முள்ளு லேசா அசையுது, அவ்வளவுதான். 28 உடனே துள்ளுறது போயிடுச்சு. மிச்சம் இருக்கிறது அந்த மெதுவா ஊறி ஏறுற ரகம், பெரும்பாலும் 2, கேஜ் ஃபிளாஞ்ச் சூடாகுறதால வர்றது, ஃபிளாஞ்சுக்கு வெளிப்பக்கம் ஒரு ஃபேன் வச்சா பாதியாக் குறையுது. அடுத்து எமிஷனை 0.1 மில்லிஆம்பியருக்கு இறக்கி அந்தப் பாதியும் போகுதான்னு பாக்கணும், அதுக்கு ரொம்பச் சின்னக் கரன்ட்டை அளக்குற எலக்ட்ரோமீட்டரோட கேபிளை முதல்ல மாத்தணும், இப்ப இருக்கிற கேபிளைத் தொட்டாலே ரீடிங் ஆடுது.